என் சளி என் ரத்தத்துக்குத் தெரியாதா

"அங்கேயே நில்லுங்க மதினி" என்றாள் என் தம்பி பெண்டாட்டி. கதவை முழுதாகத் திறக்கவில்லை. சங்கிலி போட்டபடியே நாலு விரல் அகலம் விட்டு நின்றாள். அந்த இடைவெளியில் அவளுடைய ஒரு கண்ணும் பாதி மாஸ்க்கும்தான் தெரிந்தன. சாத்தூரிலிருந்து பத்து மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருக்கிறேன். கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் அடங்கவில்லை.

"கீழே தும்முனது நீங்களா?" என்று கேட்டாள்.

ஒன்று. ஒரே ஒரு தும்மல். படியேறும்போது வந்தது. அது இரண்டாவது மாடியில் அவளுக்குக் கேட்டிருக்கிறது. டி.வி. ஓடும்போது நாலு தரம் கூப்பிட்டாலும் கேட்காத காது அது.

"தூசிம்மா" என்றேன். "பஸ்ல ஜன்னலோரம் இடம் கிடைச்சுது."

"மூக்கு ஒழுகுதே மதினி."

அவளுக்கு அந்த ஒரு கண்ணே போதும்.

நீ இப்படி வந்து உட்காரம்மா. அங்கே ஏ.சி. நேரே தலையில் இறங்குகிறது. இன்றைக்கு உனக்கு இரண்டாவது ஊசி என்றுதானே சொன்னாய்? அண்ணனுக்குக் கொடுக்கிறாய். கொடு. கொடுக்காதே என்று சொல்ல நான் யார்? ஆனால் கொடுத்த பிறகு என்ன நடக்கும் என்று உனக்கு இந்த ஆஸ்பத்திரியில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஊசியைப் பற்றிச் சொல்வார்கள், எலும்பு வலியைப் பற்றிச் சொல்வார்கள். கதவைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன்.

நானும் கொடுத்தவள்தான். என் தம்பிக்கு. செண்பகராஜன் என்று பெயர். கதவில் நின்றது அவன் பெண்டாட்டி கோமளா. சிவகாசியில் காலண்டர் அடிக்கிற பிரஸ்ஸில் மெஷின் ஓட்டினான். கையிலும் காலிலும் நீலம் நீலமாக இருந்தது. மை என்று நினைத்தோம். தேய்த்துக் குளிடா என்று நானே நார் வாங்கிக் கொடுத்தேன். தேய்த்தான். போகவில்லை. பிறகுதான் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். வேறு ஆள் எலும்பு மஜ்ஜை கொடுத்தால்தான் பிழைப்பான், கூடப் பிறந்தவர்கள் யார் என்று கேட்டார்கள். நான் ஒருத்திதான். சோதித்துப் பார்த்துவிட்டுப் பத்துக்குப் பத்து பொருத்தம் என்றார்கள். பள்ளிக்கூடத்தில்கூட நான் பத்துக்குப் பத்து வாங்கியதில்லை.

அம்மா போகும்போது அவனுக்கு ஒன்பது வயது. எனக்குப் பதினெட்டு. அவனுக்குச் சோறு ஊட்டியது நான், தலை வாரியது நான், பெண் பார்த்ததும் நான்தான். கோமளாவை நான்தான் தேர்ந்தெடுத்தேன். அமைதியான பெண் என்றார்கள். அமைதி என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது.

ஐந்து நாள் ஊசி. இடுப்பெலும்பை உரலில் போட்டு இடிப்பது போல இருந்தது. ஆறாவது நாள் மெஷினில் படுக்கவைத்து ஒரு கையில் ரத்தத்தை எடுத்து இன்னொரு கையில் திருப்பி விட்டார்கள். நாலு மணி நேரம். கடைசியில் ஒரு சின்னப் பை. தக்காளி ரசம் நிறத்தில் இருந்தது. அதை அவனுக்கு ஏற்றினார்கள். இருபது நாள் கழித்து டாக்டரம்மா வந்து, "இனிமே உங்க உடம்புல ஊறுறதெல்லாம் உங்க அக்கா ரத்தம்தான் சார். கொஞ்ச நாள்ல குரூப்பே மாறிடும்" என்றார். இந்தக் காதால் கேட்டேன். கோமளாவும் பக்கத்தில் நின்று கேட்டாள். தாலி அவளுடையது, ரத்தம் என்னுடையது. அன்றைக்கே அவளுக்குப் பிடிக்காமல் போயிருக்கும். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அதுதான் அமைதி.

வார்டிலிருந்து அனுப்பும்போது நூறு நாள் பக்கத்திலேயே வீடு எடுத்துத் தங்கச் சொன்னார்கள். இதோ, இந்த ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மூன்றாவது தெரு. ஒற்றை அறை. "இடம் சின்னது மதினி, கூட ஒரு ஆள் போதும்னு டாக்டர் சொல்லிட்டாங்க" என்று என்னை ஊருக்கு அனுப்பினாள். அந்த ஒரு ஆள் ஏன் நானாக இருக்கக் கூடாது? கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஒரே சட்டம். பூ கூடாது. பச்சை வெங்காயம் கூடாது. பிரசாதம் கூடாது. பக்கத்து வீட்டுக் குழந்தை வாசலுக்கு வந்தால் கதவைச் சாத்து. ஒரு நோட்டுப் போட்டிருந்தாள். காலையில் எத்தனை டிகிரி, சாயங்காலம் எத்தனை டிகிரி, யார் வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள், சளி உண்டா, இருமல் உண்டா. டாக்டர் சொல்லித்தான் எழுதுகிறாளாம். போலீஸ் ஸ்டேஷனில்கூட வருகிறவனின் மூக்கைப் பார்த்து எழுத மாட்டார்கள்.

பங்குனியில் ஒருநாள் போனில் அவனே சொன்னான். "அக்கா, ரெண்டு மாசமாச்சு, சோறு இறங்க மாட்டேங்குது. அம்மா திருநீறு ஊதுவாளே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருக்கிறதாவாம்! அம்மாவுக்குப் பிறகு ஊதியது யார்? எங்கள் வீட்டில் காய்ச்சலோ பயமோ எது வந்தாலும் குலசாமி திருநீறுதான். சாமி பெயரைச் சொல்லி நெற்றியில் பூசி, ஒரு துளி நாக்கில் வைத்து, மிச்சத்தை உள்ளங்கையில் வைத்து உச்சந்தலையிலிருந்து முகத்துக்கு மூன்று தரம் ஊத வேண்டும். மூச்சு பட வேண்டும். மூச்சு படாமல் தூவினால் அது வெறும் சாம்பல் என்று அம்மா சொல்வாள். பத்தாவது பரீட்சைக்குப் போகும்போது ஊதினேன். தாலி கட்டப் போகும்போது ஊதினேன், அதற்கு அவன் சிநேகிதர்கள் சிரித்தார்கள்.

பங்குனி உத்திரத்துக்கு எங்கள் குலசாமி சாஸ்தா கோயிலுக்குப் போனேன். என்ன கூட்டம்! எனக்கு முன்னால் நின்றவள் இடுப்பில் ஒரு பிள்ளை. அது என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு மூக்கை ஒழுகவிட்டு இருமிக்கொண்டே இருந்தது. பாவம், நான்தான் முந்தானையால் துடைத்துவிட்டேன். திருநீறு வாங்கினேன். மூன்றாம் நாள் பஸ் ஏறினேன். அப்படி வந்தவளைத்தான் வாசலில் நிறுத்தினாள்.

"சளி நிக்கட்டும் மதினி. பத்து நாள் கழிச்சு வாங்க. நானே கூப்பிடுறேன்" என்றாள்.

"எம் பிள்ளையைப் பார்க்க நீ நாள் குறிக்கியா?"

கதவை மூடினாள். கொஞ்ச நேரத்தில் திறந்து ஒரு தட்டில் சோறும் ஒரு பாட்டில் தண்ணீரும் வைத்துக் காலால் இல்லை, கையால்தான், ஆனால் தள்ளினாள். படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எங்கள் தெருவில் பிச்சைக்காரனுக்குக்கூட வாழை இலை போடுவோம். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் அவன் நின்று கையை ஆட்டினான். புருவம்கூட இல்லை. மாத்திரையில் முகம் ஊதி நிலா மாதிரி இருந்தது. என்னைப் பார்த்து அழுதானா சிரித்தானா என்று தெரியவில்லை. கண்ணாடி அழுக்கு.

மூன்று மணிக்கு மாத்திரை வாங்க இந்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். போகும்போது அவனிடம், "யார் தட்டினாலும் திறக்காதீங்க" என்றாள். யார் தட்டினாலுமாம். நான் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் தட்டவில்லை. அதை மனதில் வைத்துக்கொள். ஒரு விரல் வைக்கவில்லை. அவனே சங்கிலியை எடுத்தான். "அக்கா, சீக்கிரம் வா" என்றான். புது மாஸ்க் ஒன்று கொடுத்தான். போட்டுக்கொண்டேன். நான் சட்டத்தை மதிக்காதவள் இல்லை. கையைக்கூட அவர்கள் வைத்திருந்த கைகழுவுகிற மருந்து போட்டுக் கழுவினேன். அவன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். நான் திருநீற்று முடிச்சை அவிழ்த்தேன். மாஸ்க்கைக் கீழே இறக்கினேன். மாஸ்க்குக்குள் ஊதினால் திருநீறு பறக்குமா? நீயே சொல்.

அவன் என் மூக்கைப் பார்த்தான். "சளியாக்கா?" என்றான்.

"உனக்குள்ள ஓடுறது யார் ரத்தம்?"

"உன் ரத்தம்."

"பின்னே என்ன? என் சளி என் ரத்தத்துக்குத் தெரியாதா? நாப்பத்தேழு வருசமாப் பார்த்துப் பழகுனதுதானே. ஊரார் சளி வந்தா பயப்படு."

சிரித்தான். அம்மாடி, எத்தனை மாதத்துக்குப் பிறகு! "நீ டாக்டருக்குப் படிச்சிருக்கணும்க்கா" என்றான். அவனே தன் மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். நெற்றியில் பூசினேன். நாக்கில் வைத்தேன். மூன்று தரம் ஊதினேன். நன்றாக, நெஞ்சிலிருந்து எடுத்து ஊதினேன். அவன் இமையெல்லாம் வெள்ளையாகிவிட்டது. "பசிக்குதுக்கா" என்றான். சத்தியமாகச் சொன்னான். தயிர் சோறு பிசைந்து கொடுத்தேன். அரைத் தட்டு சாப்பிட்டான்.

கோமளா வந்தாள். வாசலில் நின்றாள். அவன் நெற்றியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் கழுத்தில் தொங்கிய மாஸ்க்கைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். ஒரு துணியை வெந்நீரில் முக்கி வந்து அவன் முகத்தைத் துடைத்தாள். நெற்றி, இமை, மூக்கு, எல்லாம். பங்குனி உத்திரத்துத் திருநீறு. சாமியைத் துடைத்தாள்.  என்ன நடந்ததோ அது அங்கேதான் ஆரம்பித்தது, அந்தத் துணியில்.

அன்றைக்கே பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்குப் போன இரண்டாம் நாள் என் மூக்கு ஒழுகுவது நின்றுவிட்டது. அது சளியாக இருந்தால் இரண்டு நாளில் போகுமா?

ஐந்தாம் நாள் அவனுக்குக் காய்ச்சல். ஆறாம் நாள் மூச்சு வாங்குகிறது என்று போன் வந்தது. நான் வருவதற்குள் இந்த ஆஸ்பத்திரி மாடியில் சேர்த்துவிட்டார்கள். மூக்கில் குச்சி விட்டு எடுத்துச் சோதித்தார்கள். ஏதோ நீளமான பெயர் சொன்னார்கள், கடைசியில் பார்த்தால் சளிக் கிருமிதானாம். டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். "நமக்கு வந்தா ரெண்டு தும்மலோட போயிடும்மா. இவர் ரத்தம் பிறந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. அக்கா ரத்தம்னாலும் அது இன்னும் பச்சைப் பிள்ளை, எந்தக் கிருமியையும் பார்த்ததில்லை. அதை அடக்கி வைக்கிற மாத்திரை வேற சாப்பிடுறார். கிருமி நேரா நுரையீரலுக்கு இறங்கிடுச்சு. இதுக்குன்னு சரியான மருந்து கிடையாது. ஆக்சிஜன் வெச்சுக் காத்திருக்கணும்."

சளிக்கு மருந்து இல்லையாம். எட்டு மாடி ஆஸ்பத்திரியில். எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் கேட்டால் நாலு வகை எடுத்துப் போடுவான். என் ரத்தத்தைப் பச்சைப் பிள்ளை என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. நான் ஒருநாள் சளி என்று படுத்தவள் இல்லை. என் ரத்தம் எப்படித் தோற்கும்? வேறு எங்கோ தப்பு நடந்திருக்கிறது, மறைக்கிறார்கள் என்று பட்டது.

மறைத்ததுதான். கேள்.

டாக்டரம்மா கேட்டார், "வீட்டுக்கு யாராவது சளியோட வந்தாங்களா?"

கோமளா என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மேஜையைப் பார்த்தாள். "இல்லை டாக்டர். யாரும் வரலை" என்றாள்.

நோட்டை வாங்கிப் புரட்டினார் டாக்டரம்மா. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒரு தாள் இல்லை. தையல் ஓரத்தில் பிசிறு நின்றது. அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். யாரைக் காப்பாற்ற அந்தத் தாளைக் கிழித்தாள்? நான் வந்தது அதில் இருந்திருக்கும். இருக்கட்டுமே. நான் ஒளிந்தா வந்தேன்? எனக்காகக் கிழிக்க அவளுக்கு என்ன அக்கறை? அவள் தம்பி ஒருவன் இருக்கிறான், முரளிதரன். இங்கே ஏதோ கம்பெனியில் வேலை. வாரத்துக்கு ஒருமுறை பைக்கில் அரிசி பருப்பு கொண்டுவந்து வாசலில் வைப்பான். மெட்ராஸ் புகையில் அலைகிறவன். அவனுக்கு இல்லாத சளியா?

இரு, வள்ளிமயில் என்று கூப்பிடுகிறார்கள். நான்தான். பையைப் பார்த்துக்கொள்.

அவ்வளவுதான், இரண்டு குழாய் ரத்தம் எடுத்தார்கள். உனக்கும் நாளைக்குக் காலையில் எடுப்பார்கள். ஒரு வருஷம் கழித்து, கொடுத்தவர்கள் உடம்பையும் பார்ப்பார்களாம். வாங்கிக்கொண்டவன் இல்லை, கொடுத்தவளுக்குப் பரிசோதனை.

என்ன சொன்னேன்? ஆமாம், கிழித்த தாள். அதற்குப் பிறகு என்னை அவன் அறைக் கண்ணாடிக்கு வெளியேதான் நிறுத்தினார்கள். அவளுக்கு மட்டும் நீலச் சட்டை போட்டு உள்ளே அனுமதி. பதினோராம் நாள் காலையில், தொண்டைக்குள் குழாய் வைக்கப் போகிறோம், பேசுவதென்றால் பேசிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் ஆக்சிஜன் மாஸ்க்கைத் தூக்கிவிட்டு அவளிடம் ஏதோ சொன்னான். என்னைக் காட்டித்தான் சொன்னான். கை இந்தப் பக்கம் நீண்டது. அவள் தலையாட்டினாள். அவன் மறுபடியும் சொன்னான். அவள் மறுபடியும் தலையாட்டினாள். சத்தியம் வாங்குவது மாதிரி அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் கண்ணாடியைத் தட்டினேன். நர்ஸ் வந்து தட்டாதீர்கள் என்றாள்.

அதுதான் கடைசி. குழாய் வைத்த பிறகு பேச்சேது? எட்டு நாள் மெஷின் மூச்சு விட்டது. ஒன்பதாம் நாள் அதுவும் நின்றது.

என்னம்மா சொன்னான் என்று அவளைக் கேட்டேன். அன்றைக்கே கேட்டேன், சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பி வருவதற்குள் கேட்டேன். "உங்களைப் பார்த்துக்கச் சொன்னார் மதினி" என்றாள். நம்புகிறாயா? அவளிடம் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னானாம். பார்த்துக்கொண்டவள் நான். ஒன்பது வயதிலிருந்து. என்னிடம்தானே அவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பான்? அவன் எனக்குச் சொன்னது வேறு. என் பெயரைச் சொன்ன வார்த்தை அது, எனக்குச் சேர வேண்டியது. இவள் விழுங்கிவிட்டாள். வேறு எதை வேண்டுமானாலும் விட்டுவிடுவேன். அதை விட மாட்டேன்.

பதினாறாம் நாள் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. நான் எழுந்து கேட்டேன். எல்லார் முன்னாலும் கேட்டேன். "யாரும் வரலைன்னு டாக்டர்கிட்ட பொய் சொன்னியே, வந்தது யாரு? உன் தம்பிதானே? அவனுக்குத்தானே சளி?"

பெரியவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அந்தப் பையன் முரளி வாயைத் திறந்தான். "அக்கா, நான் எப்ப—" என்றான். அவள் அவனைப் பார்த்துக் கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "ஆமா மதினி" என்றாள்.

கேட்டாயா? அவள் வாயாலேயே. ஆமா மதினி. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அந்தப் பையன் எழுந்து போனான். செருப்பைக்கூடப் போடவில்லை. இன்றுவரை எங்கள் சொந்தத்தில் ஒரு விசேஷத்துக்கும் அவனைக் கூப்பிடுவதில்லை. அக்காளோடும் அவன் பேசுவதில்லை என்று கேள்வி. எனக்கு அதில் சந்தோஷம் இல்லை. என் தம்பி திரும்பி வருவானா? ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.

உன் அண்ணி எப்படி? அமைதியா? அப்படியானால் ஜாக்கிரதை. உன்னை வெளியே நிறுத்தினால் நிற்காதே. உன் ரத்தம் உள்ளே இருக்கிறது, உனக்கு எந்தக் கதவும் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? சின்னப் பெண், பயமுறுத்திவிட்டேன் போல.

சரி, பேச்சை விடு. வருகிறாள். அதோ, கவுண்டர் பக்கமிருந்து, பச்சைப் புடவை. அவளேதான். இங்கேயே ஒரு தையல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் அவள் நம்பர்தானே இருக்கிறது, இந்தப் பரிசோதனைக்கு அவளைத்தான் கூப்பிட்டார்கள். டிக்கெட் எடுத்து அனுப்பி, காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிவந்து, இப்போது எனக்காக வரிசையில் நின்றுவிட்டு வருகிறாள். ஊர் வாயை அடைக்கத்தான், வேறென்ன? ஒரு வருஷமாக மாதத்துக்கு இரண்டு தரம் போன். சாப்பிட்டீங்களா மதினி, பிரஷர் மாத்திரை போட்டீங்களா மதினி. அவன் எனக்குச் சொன்ன அந்த வார்த்தையைத் தவிர மற்றதெல்லாம் பேசுவாள்.

வா கோமளா. சீட்டு கொடுத்தார்களா? எக்ஸ்ரே எந்த மாடியாம்? சரி, போவோம், என்ன அவசரம். இந்தப் பெண் அவள் அண்ணனுக்குக் கொடுக்கப் போகிறாள். தூத்துக்குடிப் பக்கம். நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். என் கையில் வைத்த பஞ்சு நழுவிவிட்டது, பார், ரத்தம் நிற்கவில்லை. இந்தா, பிடி. இன்னும் கொஞ்சம் மேலே. ம், அங்கேதான். அழுத்து.

நீ ஊசியைத்தானே கேட்டாய்? இரண்டாவது ஒன்றும் செய்யாதம்மா. மூன்றாவதில்தான் இடுப்பு பிடிக்கும்.